பாங்காக்கில் நான் தின்ற 6,100 பாட் இறால்

எங்கள் கம்பெனியில் பேக்கிங் பிரிவில் இருக்கும் தம்பி ஒருவன் போன வாரம் டீக்கடையில் வைத்துக் கேட்டான். "அண்ணா, நீங்க பாங்காக் போயிட்டு வந்தீங்கல்ல, எப்படிங்ணா இருந்துச்சு?" "சூப்பர்" என்றேன். அடுத்த மாதம் அவன் போகிறானாம், தனியாக. அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். பக்கத்தில் நான்கு பேர் நின்றுகொண்டிருந்தார்கள், டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். ஊர் திரும்பிய நாளிலிருந்து இதே "சூப்பரை" இருபது பேரிடமாவது சொல்லியிருப்பேன். நான் கிளம்புவதற்கு முன் எனக்கும் இரண்டு பேர் "சூப்பர்" என்றுதான் சொன்னார்கள். அவர்களும் என்னை மாதிரிதான் சொன்னார்களோ என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. அதனால் பேர் போடாமல் இங்கே எழுதுகிறேன். எனக்குப் போன பணம் மொத்தம் சுமார் 22,000 ரூபாய். அதோடு ஒரு முழுப் பகல், இரண்டு நாள் தூக்கம்.

கதை 2025 ஆகஸ்டில். நான்கு நண்பர்கள் சேர்ந்து திட்டம் போட்டோம். ஒருவனுக்கு அப்பா உடம்பு சரியில்லை, ஒருவனுக்கு ஏற்றுமதி ஆர்டர் நெருக்கடி, மூன்றாமவன் காரணமே சொல்லவில்லை. என் டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்தால் பாதிகூட வராது. வீட்டுக்காரிதான், "கட்டுன காசு வீணாப் போகுமுங்க, நீங்க மட்டும் போயிட்டு வாங்க" என்றாள். திருப்பூரை விட்டுத் தனியாக நான் போன தூரம் அதற்கு முன் மும்பை வரைதான்.

முதல் அடி ஊரை விட்டுக் கிளம்புவதற்கு முன்னாலேயே விழுந்தது. இந்தியர்களுக்கு அப்போது விசா வேண்டாம். ஆனால் 2025 மே மாதத்திலிருந்து, போய் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் ஆன்லைனில் ஒரு வருகை அட்டையை நிரப்ப வேண்டும் என்று வைத்துவிட்டார்கள். கூகுளில் தேடினேன், முதலில் வந்த தளம் பார்க்க அரசாங்கத் தளம் மாதிரியே இருந்தது, 1,500 ரூபாய் கட்டி நிரப்பினேன். அந்த அட்டைக்குக் கட்டணமே கிடையாது என்று விமானத்தில் பக்கத்து சீட்டில் இருந்த கல்லூரிப் பையன் சொன்னான். தாய்லாந்து குடிவரவுத் துறையின் சொந்தத் தளத்தில் ஐந்து நிமிட வேலை. அரசாங்க முகவரி என்றால் கடைசியில் 'ஜிஓ' புள்ளி 'டிஎச்' என்று முடியும். விளம்பரமாக மேலே வரும் தளங்களைத் தொடவே வேண்டாம்.

சுவர்ணபூமி விமான நிலையத்தில் விடியற்காலை இறங்கினேன். வெளியே வந்ததும் கழுத்தில் அட்டை மாட்டிய ஒருவர் "டாக்ஸி சார்" என்று பெட்டியை வாங்கிக்கொண்டார். சீலோம் பக்கம் என் ஹோட்டலுக்கு 900 பாட் என்றார். அப்போது ஒரு பாட் 2 ரூபாய் 70 காசு. தூக்கக் கலக்கத்தில் கணக்கே வரவில்லை, சரி என்றுவிட்டேன். மீட்டர் டாக்ஸியில் போயிருந்தால், விமான நிலையத்துக்கான கூடுதல் 50 பாட், வழியில் டோல் எல்லாம் சேர்த்தே 450-க்குள் முடிந்திருக்கும் என்று ஹோட்டலில் சாவி கொடுத்த பெண் சொன்னாள். ஆக, நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். வெளியே வரும் தளம் இரண்டாவது மாடி. அங்கே யார் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்காமல் கீழ்த்தளத்துக்கு இறங்குங்கள். அங்கே மெஷினில் சீட்டு எடுத்தால் டாக்ஸி நிற்கும் இடத்தின் எண் வரும். அந்தச் சீட்டை ஓட்டுநரிடம் கொடுத்துவிடாதீர்கள், ஏதாவது தகராறு என்றால் புகார் செய்ய அதுதான் கையில் இருக்கும் ஒரே ஆதாரம். பெட்டி பெரிதாக இல்லாவிட்டால் டாக்ஸியே வேண்டாம். அதற்கும் கீழே ரயில் இருக்கிறது, பயா தாய் ஸ்டேஷன் வரை 45 பாட். அங்கிருந்து பிடிஎஸ் என்கிற மேம்பால ரயிலில் ஏறிக்கொள்ளலாம்.

மறுநாள் காலை அரண்மனை பார்க்கக் கிளம்பினேன். மதில் ஓரமாக நடந்துகொண்டிருக்கும்போது, நன்றாக இஸ்திரி போட்ட சட்டையில் ஒரு பெரியவர், நல்ல ஆங்கிலத்தில், "இந்தியாவா? அரண்மனை மதியம்வரை மூடியிருக்கிறதே, இன்று விசேஷ பூஜை" என்றார். என்னிடமிருந்த வரைபடத்தில் அவரே பேனாவால் வட்டம் போட்டு, "அதுவரை இந்தப் பெரிய நிற்கும் புத்தரைப் பாருங்கள், டுக்டுக் 20 பாட்தான்" என்றார். கையைக் காட்டியதும் ஒரு டுக்டுக் வந்து நின்றது. 20 பாட்டுக்கு ஒரு மணி நேரம் யார் வண்டி ஓட்டுவார்கள்? நம் ஊரில் ஆட்டோக்காரர் அப்படிச் சொன்னால் ஏறுவேனா? வெளிநாடு என்றதும் அந்தக் கேள்வி கேட்கிற புத்தி எங்கே போனதோ தெரியவில்லை.

புத்தரைப் பார்த்தது உண்மை. பிறகு வண்டி ஒரு தையல் கடை வாசலில் நின்றது. "பத்து நிமிடம் உள்ளே இருந்தால் எனக்கு பெட்ரோல் கூப்பன் கிடைக்கும், ப்ளீஸ்" என்றான் ஓட்டுநர். உள்ளே ஏசியில் உட்காரவைத்து, ஜூஸ் கொடுத்து, "இத்தாலியன் காஷ்மீர் கம்பளி, இரண்டு சூட், நான்கு சட்டை" என்று ஆரம்பித்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பதினாறு வருடமாகத் துணியைத் தொட்டுத் தொட்டுப் பிழைப்பவன் நான். விரலால் தேய்த்ததுமே தெரிந்துவிட்டது, பாலியஸ்டர் கலப்பு, அதுவும் மட்டமானது. "இதை மீட்டர் என்ன விலைக்கு வாங்குகிறீர்கள்?" என்று கேட்டேன். கடைக்காரர் முகம் போன போக்கைப் பார்த்து அன்று முழுவதும் பூரித்திருந்தேன். அடுத்து ஒரு நகைக்கடை, "அரசாங்கத் தள்ளுபடி, இன்றே கடைசி" நீலக்கல். அதையும் தட்டிவிட்டேன். மூன்றாவது கடைக்கு வர மாட்டேன் என்றதும், ஓட்டுநர் என்னை ஏதோ ஒரு முச்சந்தியில் இறக்கிவிட்டுப் போய்விட்டான். நான் நடந்தே அரண்மனைக்குத் திரும்பியபோது டிக்கெட் கவுண்டர் மூடிக்கொண்டிருந்தது. மாலை 3.30-க்கு மேல் டிக்கெட் கிடையாது. காலை 8.30-லிருந்து அது திறந்துதான் இருந்திருக்கிறது, பூஜையும் இல்லை புண்ணாக்கும் இல்லை.

இந்த ஏமாற்று அங்கே முப்பது நாற்பது வருடமாக அப்படியே நடக்கிறதாம். அதன் அஸ்திவாரம் "மூடியிருக்கிறது" என்கிற அந்த ஒரு சொல்தான். ஒரு இடம் மூடியிருக்கிறதா இல்லையா என்பதை அதன் வாசலில் போய் நின்று பார்த்தால்தான் நம்ப வேண்டும், நூறு அடி முன்னால் நிற்பவர் சொல்வதை வைத்து இல்லை. தையல் கடையில் பணம் எதையும் இழக்காமல் வந்ததில் எனக்கு வேறு ஒரு கேடு வந்து சேர்ந்தது. "நம்மை யாரும் ஏமாற்ற முடியாது" என்று ஒரு திமிர் ஏறிவிட்டது. அடுத்த நாள் இரவு நடந்ததற்கு அந்தத் திமிரும் ஒரு காரணம்.

மூன்றாம் நாள் ஒழுங்காகவே தொடங்கியது. சபான் தக்சின் ஸ்டேஷனில் இறங்கினால் பக்கத்திலேயே சாத்தோன் படித்துறை. அங்கே சாவ் ப்ரயா ஆற்றில் ஆரஞ்சுக் கொடி போட்ட படகு, எவ்வளவு தூரம் போனாலும் 16 பாட். சுற்றுலாப் படகுக்கான கவுண்டரில் இருப்பவர்கள் நம்மைத்தான் முதலில் கூப்பிடுவார்கள், அது தனி, விலையும் அதிகம். ஆரஞ்சுக் கொடி என்று கேட்டு வாங்குங்கள். ஆனால் இருட்டினால் அந்தப் படகு நின்றுவிடும், திரும்பி வருவதற்கு வேறு வழி யோசித்து வைத்துக்கொள்ளுங்கள். அரண்மனைக்கு 500 பாட், அரை டிரவுசர் போட்டால் உள்ளே விடமாட்டார்கள். அரண்மனை, வாட் போ கோயிலில் படுத்திருக்கும் புத்தர், ஆற்றைத் தாண்டி வாட் அருண் கோயில். இந்த ஒரு நாளுக்காகவே அந்த ஊருக்குப் போகலாம். ஊர் சுற்ற மேம்பால ரயில், பாதாள ரயில் இரண்டும் அருமை. பாதாள ரயிலில் நம் கிரெடிட் கார்டையே வாசலில் தட்டிவிட்டுப் போகலாம், வங்கி ஆப்பில் வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறந்து வைத்திருந்தால் போதும். மேம்பால ரயிலுக்குத் தனி டிக்கெட். ரயில் போகாத இடத்துக்கு கிராப், போல்ட் என்கிற டாக்ஸி ஆப்கள். ஏறும் முன்பே விலை தெரிந்துவிடுகிறது, பேரம் பேசுகிற வேலை மிச்சம். டுக்டுக்கை ஒரே ஒரு முறை ஆசைக்கு ஏறுங்கள், விலை பேசிவிட்டு, நீங்கள் சொன்ன இடத்துக்கு மட்டும்.

சாப்பாடு பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில்தான் முதலில் பயந்துகொண்டிருந்தேன். நான்கு சொல் போதும். 'காவ்' என்றால் சோறு. 'கை' என்றால் கோழி. 'மூ' என்றால் பன்றி. 'நுவா' என்றால் மாடு. தெருக்கடையில் கையை நீட்டி "கை" என்றால் கோழிதான் வரும், முதல் நாள் எனக்கு அது ஒரு விளையாட்டு. "காவ் பட் கை" என்றால் சிக்கன் பிரைடு ரைஸ், 60 பாட்டுக்குள் வயிறு நிறையும். பன்றி சாப்பிடாதவர்கள் கேட்டுக் கேட்டுத்தான் சாப்பிட வேண்டும், எதைத் தொட்டாலும் மூதான். சைவக்காரர்களுக்கு இன்னும் கஷ்டம். காய்கறி என்று சொல்லித் தருவதிலும் 'நாம் ப்ளா' என்கிற மீன் சாறு ஊற்றிவிடுவார்கள், பப்பாளிக்காய் சாலட்டில் கூடக் காய்ந்த இறால் கிடக்கும். "ஜே" என்று கேளுங்கள், மீன் சாறுகூட இல்லாத சுத்த சைவம் அது, வெங்காயம் பூண்டும் இருக்காது. அந்த எழுத்தை மஞ்சள் கொடியில் சிவப்பாக எழுதித் தொங்கவிட்டிருப்பார்கள். ஒன்றும் புரியாவிட்டால் பெரிய மால்களில் இருக்கும் புட் கோர்ட்டுக்குப் போங்கள். அசோக் ஸ்டேஷன் பக்கம் டெர்மினல் 21 மாலில் கார்டில் பணம் ஏற்றிக்கொண்டு, தட்டுகளைப் பார்த்துக் கைகாட்டி வாங்கலாம். மீதியைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். விலையும் தெருக்கடை மாதிரிதான்.

நான் அதோடு நின்றிருக்கலாம். அன்று சாயங்காலம் ஐஸ் மேல் மீனை அடுக்கிவைத்திருந்த ஒரு கடையில் பெரிய இறால் '160' என்று பலகையில் பார்த்தேன். ஒரு தட்டு என்று நினைத்தேன். தராசில் வைத்தபோதும் உறைக்கவில்லை. பில் 1,120 பாட். அந்த 160 என்பது ஒரு 'கீத்'துக்கு, அதாவது 100 கிராமுக்கு. எனக்கு 700 கிராம் வறுத்துக் கொடுத்திருக்கிறார்கள். இதை ஏமாற்று என்று சொல்ல முடியாது, பலகையில் தாய்லாந்து மொழியில் எழுதித்தான் இருந்தது. எடை போட்டு விற்கும் எதையும் அடுப்பில் ஏற்றுவதற்கு முன் கால்குலேட்டரில் மொத்த விலையைத் தட்டிக் காட்டச் சொல்லுங்கள். இந்த இறாலை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கதையில் திரும்ப வரும்.

இரவு பத்து மணிக்கு மேல் பட்பொங் போனேன். சீலோம் சாலைக்கும் சுரவோங் சாலைக்கும் நடுவில் இரண்டு சின்னத் தெருக்கள். வியட்நாம் போர்க் காலத்தில் அமெரிக்கச் சிப்பாய்கள் ஓய்வுக்கு வந்து வந்து வளர்ந்த இடம். நடுவில் கைக்கடிகாரம், கைப்பை என்று இரவுச் சந்தை, இரு பக்கமும் பார்கள். சந்தை பார்க்கத்தான் போனேன் என்று சொன்னால் நீங்கள் நம்பப் போவதில்லை. நானும் நம்ப மாட்டேன். ஊரில் யாருக்கும் தெரியாது, தனியாக வந்திருக்கிறோம், பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்கிற ஆசைதான்.

முதலில் தரைத்தளத்தில் ஒரு பாரில் உட்கார்ந்தேன். அங்கே ஒன்றும் ஆகவில்லை. விலைப் பட்டியல் மேசையில் இருந்தது. ஒவ்வொரு பீருக்கும் ஒரு சீட்டு எழுதி என் முன்னால் ஒரு சின்னக் குவளையில் செருகினார்கள், கடைசியில் அதைக் கூட்டிப் பார்த்துப் பணம் கொடுத்தேன். பக்கத்தில் வந்து உட்காரும் பெண் தனக்கு ஒரு டிரிங்க் கேட்பாள், அது 'லேடி டிரிங்க்', நம் பீரைவிட விலை அதிகம், வேண்டாம் என்று சிரித்துச் சொன்னால் எழுந்து போய்விடுவாள். மணி ஒன்று தொங்கும். அதை அடித்தால் பாரில் இருக்கும் அத்தனை பேருக்கும் நீங்கள் டிரிங்க் வாங்கித் தருகிறீர்கள் என்று அர்த்தம், விளையாட்டாகக் கூடத் தொடாதீர்கள். போன் எடுத்துப் படம் பிடிக்கக் கூடாது. இதெல்லாம் தெரிந்துகொண்டதும், ஆகா பழகிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

வெளியே ஒருவன் பிளாஸ்டிக் உறை போட்ட அட்டையைக் காட்டினான். என்னென்ன வித்தைகள் என்று அதில் ஒரு பட்டியல், இங்கே எழுத முடியாது. "நுழைவு இலவசம், ஷோ இலவசம், பீர் 100 பாட், பிடிக்காவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள்" என்றான். "ஷோவுக்குத் தனியாக எதுவும் இல்லையே?" என்று மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும் இல்லை என்றான். கேட்டுக்கொண்டுதானே போகிறோம் என்று ஒரு தைரியம். குறுகலான படி, மாடி, பின்னால் கனமான திரைச்சீலை. உள்ளே என்னைத் தவிர இரண்டு வெள்ளைக்காரர்கள். மேடையில் நடந்ததைப் பத்து நிமிடம் பார்த்திருப்பேன். எந்தக் கிளர்ச்சியும் வரவில்லை. அந்தப் பெண்கள் ஒருவரும் எங்களைப் பார்க்கவில்லை, சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார்கள். இரவு ஷிப்டில் இஸ்திரி டேபிளில் நிற்கும் பெண்களிடம் தினமும் நான் பார்க்கும் முகம் அது. அதற்குள் இரண்டு பேர் என் இரு பக்கமும் உட்கார்ந்து, நான் தலையாட்டினேனோ இல்லையோ, நான்கு டிரிங்க் வந்துவிட்டது. போகலாம் என்று எழுந்தேன்.

பில் 6,100 பாட். எனக்கு இரண்டு பீர் 200, பெண்களின் டிரிங்க் நான்கு 1,600, ஷோ 3,000, சர்வீஸ் 1,300. கீழே நின்றவன் சொன்னதைச் சொன்னேன். "அவன் எங்கள் ஆள் இல்லை" என்றாள் கவுண்டரில் இருந்த அம்மாள். படிக்குப் போகும் வழியில் இரண்டு பேர் வந்து நின்றார்கள். அடிக்கவில்லை, தொடக்கூட இல்லை. நின்றார்கள், அவ்வளவுதான். "பணம் கொடு, இல்லை போலீஸைக் கூப்பிடுகிறேன்" என்றாள். கையில் இருந்த 2,100-ஐக் கொடுத்தேன். மீதிக்கு ஒருவனை என்னோடு ஏடிஎம்முக்கு அனுப்பினார்கள்.

நான் எழுத வந்ததே இந்த இடத்தைத்தான். ஏடிஎம் தெருவில் இருக்கிறது. சுற்றிலும் சந்தைக் கூட்டம், குறைந்தது இருநூறு பேர். கூட வந்தவன் என்னைவிட ஒல்லி. நான் அப்படியே நடையைக் கட்டியிருக்கலாம். சத்தம் போட்டிருக்கலாம். 1155-க்குப் போன் போட்டிருக்கலாம், அது சுற்றுலாப் போலீஸ், ஆங்கிலத்தில் பேசுவார்கள், அந்த எண்ணை ஹோட்டல் லிஃப்ட்டிலேயே ஒட்டியிருந்தார்கள். போலீஸைக் கண்டு பயப்பட வேண்டியவர்களும் அவர்கள்தான், அந்த மாதிரி ஷோ நடத்துவது அங்கேயும் சட்ட விரோதம். இதெல்லாம் எனக்குத் தெரிந்தும் கார்டைச் சொருகி 4,000 பாட் எடுத்தேன், மெஷின் கட்டணம் 220 தனி. ஏன் என்று கேட்டால், போலீஸ் வந்து "எங்கே போயிருந்தீர்கள்?" என்று கேட்பார்களே என்கிற கூச்சம். என்னை அறிந்தவர் ஒருவர்கூட இல்லாத ஊரில், யாருக்குப் பயந்தேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. அவர்கள் வியாபாரம் மொத்தமும் அந்தக் கூச்சத்தை நம்பித்தான் நடக்கிறது.

பணம் எடுத்து அரை நிமிடம் இருக்காது, போன் அடித்தது. வீட்டுக்காரி. அந்தக் கணக்குக்கு அவள் நம்பரைத்தான் கொடுத்திருக்கிறோம், வங்கிக் குறுஞ்செய்தி அவளுக்குப் போயிருக்கிறது. ஊரில் அப்போது பத்தே முக்கால். "ஏனுங்க, பதினோராயிரத்துச் சொச்சம் எடுத்திருக்குதுன்னு வருதே, கார்டு தொலைஞ்சு போச்சா?" பக்கத்தில் அந்த ஒல்லிப் பையன் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறான். "இல்ல கண்ணு, நான்தான் எடுத்தேன். இறால் சாப்பிட்டேன், எடை போட்டு வித்துட்டானுங்க" என்றேன். நோட்டுகளை எண்ணி அவன் கையில் வைத்துக்கொண்டே சொன்னேன். "அவ்வளவுக்கா?" என்றாள். "பெரிய இறால்" என்றேன்.

அன்று இரவு தூங்கவில்லை. காலையில் கால் போன போக்கில் நடந்து, சீலோம் சாலையிலேயே பான் ரோடு முனையில் இருக்கும் மாரியம்மன் கோயிலுக்குப் போனேன். போன நூற்றாண்டுக்கு முந்தைய நூற்றாண்டிலேயே பிழைக்க வந்த தமிழர்கள் கட்டிய கோயில். கோபுரத்தைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது, கொஞ்சம் அவமானமாகவும் இருந்தது, முந்தின இரவு போன தெருவும் இந்தக் கோபுரமும் ஒரே சாலையில் நடக்கும் தூரத்தில். தாய்லாந்துக்காரர்கள்தான் கூட்டம் கூட்டமாகச் செவ்வந்தி மாலையோடு கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பக்கத்துச் சந்தில் நம் ஊர்ச் சாப்பாட்டுக் கடை ஒன்றில் தோசை சொன்னேன். பரிமாறிய சிவகங்கைக்காரர் ஐம்பதைத் தாண்டியவர். தண்ணீர் வைத்துவிட்டு என்னையே பார்த்தார். "மேல்மாடிக்கா தம்பி போனீங்க?" என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "எப்படிங்கண்ணா கண்டுபிடிச்சீங்க?" "காலங்காத்தால ஒத்தையா வந்து, தோசையப் பிச்சு வச்சுக்கிட்டு செல்லுல பேங்க் மெசேஜையே பாத்துக்கிட்டு இருந்தா அதுதான். எவ்வளவு?" சொன்னேன். "பரவால்ல, போன மாசம் ஒருத்தர் பதினஞ்சாயிரம்."

அந்த அண்ணன் சொன்னவற்றில் எனக்கு உருப்படியாகப் பட்டதைச் சொல்கிறேன். தரைத்தளத்தில், கதவு தெருவைப் பார்த்திருக்கும் பாரில் உட்காரலாம். படியேறும் எந்த இடத்துக்கும், தெருவில் ஒருவன் கூப்பிட்டுப் போகும் எந்த இடத்துக்கும் போகக் கூடாது. விலை கேட்டுக்கொண்டு போவதால் பிரயோஜனமில்லை, சொல்பவன் வேறு, பில் போடுபவன் வேறு. இரவு வெளியே போகும்போது ஆயிரம் பாட் ரொக்கம் போதும். ஏடிஎம் கார்டும் பாஸ்போர்ட்டும் அறைப் பெட்டகத்தில், பாஸ்போர்ட் நகல் மட்டும் பையில். கார்டு இல்லை என்றால் உன்னை ஏடிஎம்முக்குக் கூட்டிப் போக முடியாது. மாட்டிக்கொண்டால் சண்டை போடாதே, கையில் இருப்பதைக் கொடுத்துவிட்டு வெளியே வந்ததும் அங்கேயே நின்று 1155-க்குப் பேசு. அப்படிப் போலீஸோடு திரும்பிப் போய்ப் பாதிப் பணத்தை வாங்கியவர்களை அவருக்குத் தெரியுமாம். "மறுநாள் காலைல போனா ஒண்ணும் நடக்காது தம்பி. ராத்திரியே போகணும்." யார் கொடுக்கும் டிரிங்கையும் குடிக்காதே, உன் கிளாஸை விட்டு எழுந்து போனால் திரும்பி வந்து அதைத் தொடாதே. பெண்ணோடு வெளியே போகும் எண்ணம் இருப்பவர்களுக்கும் ஒன்று சொன்னார். ஊரே வெளிப்படையாக நடத்தினாலும் 1996-ஆம் வருடச் சட்டப்படி விபசாரம் அங்கே குற்றம்தான். வயது குறைந்த பெண் என்றால் ஜெயில், பேச்சே இல்லை.

இன்னொன்றும் அவர்தான் எச்சரித்தார். ஊருக்குத் திரும்பும்போது, "இந்த பிஸ்கட் பாக்கெட்டைச் சென்னையில் ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள், டிக்கெட் காசு தருகிறோம்" என்று நன்றாகப் பழகிவிட்டுக் கேட்பார்களாம். உள்ளே உயர் ரகக் கஞ்சா. பாங்காக்கிலிருந்து அப்படிக் கொண்டுவந்து சென்னை விமான நிலையத்தில் பிடிபட்ட செய்திகளை நீங்களே பேப்பரில் படித்திருப்பீர்கள். அங்கே கடையில் விற்கிறதே என்று யாரும் நினைக்க வேண்டாம், இங்கே வந்தால் வருடக்கணக்கில் உள்ளே இருக்க வேண்டியதுதான். புகைக்கும் மின் சிகரெட்டும் வேண்டாம், நம் நாட்டில் அதன் விற்பனைக்குத் தடை, தாய்லாந்திலும் தடை, இங்கிருந்து எடுத்துக்கொண்டு போகாதீர்கள்.

கடைசி நாள் வாட் போவில் உடம்பு பிடித்துவிடும் இடத்தில் ஒரு மணி நேரம் படுத்துக் கிடந்தேன். கதவு திறந்திருக்கும், பத்துப் பேர் வரிசையாகப் படுத்திருப்பார்கள், விலை வாசலில் எழுதியிருக்கும். ஐந்து நாளில் செலவு செய்து வருத்தப்படாத காசு அது ஒன்றுதான். இல்லை, தெருக்கடை மாம்பழமும் ஒட்டரிசிச் சோறும் தேங்காய்ப் பாலும், அதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

டீக்கடைத் தம்பிக்கு இதை எப்படிச் சொல்வது என்று ஒரு வாரம் யோசித்தேன். நேற்றுத் தனியாகக் கூப்பிட்டு, "1155-னு ஒரு நம்பர், செல்லுல பதிஞ்சு வச்சுக்க. எங்க போனாலும் படியேறாத" என்று மட்டும் சொன்னேன். ஒரு நிமிடம் என்னைப் பார்த்தான். "சரிங்ணா" என்றான், வேறு எதுவும் கேட்கவில்லை.

வீட்டில் இன்னும் சொல்லவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை மீன் மார்க்கெட்டில் கடைக்காரம்மா நல்ல இறால் வந்திருக்கிறது என்று கூடையைத் தூக்கிக் காட்டினார். நான் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரி, "வேண்டாங்க, இவரு ஒரு வருசத்துக்கும் சேத்துத் தின்னுட்டு வந்துட்டாரு" என்று சொல்லிவிட்டுப் பக்கத்துக் கடைக்கு நடந்தாள்.